வட்டவிதானையின் வலது கால்

மீராசா வட்டவிதானையின் வலது காலை மையவாடியில் அடக்கிய பதினோராவது நாள், சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியால் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கால் அவருடைய வளவுக்குள் வந்து குழாயடியில் நின்றது. முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையில் வெட்டப்பட்ட கால். மேல்நுனியில் சுற்றியிருந்த கபன் துணியின் முடிச்சு அவிழவில்லை. விரல்களுக்கிடையில் மையவாடி மணல் ஒட்டியிருந்தது. அன்று கரைவலையில் கீரி மீன் நன்றாகப் பட்டது என்பதும் ஊரில் பலருக்கு நினைவிருக்கிறது. மீராசாவின் மனைவி றுகையா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக வயல் வட்டையிலிருந்து வருகிற அந்தக் காலுக்குச் சேறு போகத் தண்ணீர் ஊற்றியவள் அவள். இப்போதும் ஊற்றினாள். உள்ளே கதிரையில் இருந்த மீராசா எட்டிப் பார்த்து, “அதுக்கு வெட்கமில்லையா? தொழுவிச்சு அடக்கின பொருள் திரும்பி வாறதா?” என்று சத்தம் போட்டார். “வந்தா கழுவத்தானே வேணும். நீங்க சும்மா இரிங்க,” என்றாள் றுகையா.

அலியார்முனை என்பது நிந்தவூரைத் தாண்டிப் போகிற பஸ் ஒரு நிமிடம் நிற்கிற ஊர். அந்த ஊர் ஆதார வைத்தியசாலையின் சத்திர சிகிச்சைக் கூடம் நான்கு தடவை திறக்கப்பட்டது. முதல் தடவை அடிக்கல்லுக்கு, இரண்டாம் தடவை கூரைக்கு, மூன்றாம் தடவை கட்டிலுக்கு மேலே தொங்குகிற எட்டுக் கண் விளக்குக்கு. நான்காம் தடவை, மூன்றாம் தடவை வந்தவரின் கட்சி தோற்றுப்போனதற்கு. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு கறுப்புக் கல்வெட்டு. வாசல் சுவரில் இடம் முடிந்துபோய், நான்காவது கல்லை மருந்து கொடுக்கிற யன்னலின் மேல் பதித்ததில் யன்னல் பாதி மறைந்தது. அன்றிலிருந்து நோயாளிகள் குனிந்துதான் மருந்து வாங்கினார்கள். பணிவு ஒரு நல்ல பழக்கம் என்று பள்ளிவாசல் தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார் இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பாராட்டிப் பேசினார். நான்கு திறப்பிலும் கத்தரிக்கோல் வைத்த தட்டத்தை ஏந்திக்கொண்டு நின்றவர் அவர்தான். ஏழு வருஷத்தில் அந்தக் கூடத்தில் வெட்டப்பட்டவை அந்த நாடாக்கள் மட்டுமே.

2016ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் உண்மையிலேயே வந்து சேர்ந்தார். வைத்திய அத்தியட்சகருக்கே அது முதலில் நம்பிக்கையில்லை. யாரோ அடுத்த திறப்பு விழாவுக்கு முன்கூட்டி வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார். நிபுணர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வெட்ட வேண்டிய ஆள் யாரும் இருக்கிறாரா என்று கேட்டார். நாலாம் வார்ட்டில் மீராசா இருந்தார்.

வட்டவிதானை என்றால் வயல்காரர்கள் சேர்ந்து நியமிக்கிற ஆள். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுவதும், எவனுடைய வரம்பில் ஓட்டை, எவன் மடையைக் களவாகத் திறந்தான் என்று பார்ப்பதும் வேலை. மீராசா இருபத்தாறு வருஷம் ஒவ்வொரு விடியலிலும் செருப்பில்லாமல் வரம்பு வரம்பாக நடந்தார். ஓட்டையைக் கண்டால் அவர் ஏசமாட்டார், கூப்பிடமாட்டார். பக்கத்தில் போய் நின்றுகொள்வார். வயல்காரன் மண்வெட்டியோடு வந்து அடைக்கும்வரை அசையமாட்டார். ‘மீராசா நிண்டா ஓட்டை’ என்பது வட்டையில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டிருந்தது. தன் உடம்பில் இருந்த ஓட்டைதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் எத்தனை வருஷமாக இருந்ததோ, நத்தை ஓடு குத்திப் பாதத்தில் புகுந்தது அவருக்கு உறைக்கவில்லை. மஞ்சள் வைத்தார், எண்ணெய் வைத்தார், சாறனை இறக்கி உடுத்து மறைத்தார். றுகையாவின் மூக்குக்குப் புண் மணம் வந்த அன்று பெருவிரல் கறுத்திருந்தது.

வெட்டிய உறுப்பை எங்களுடைய ஊர்களில் ஆஸ்பத்திரிக்கு விட்டுவிட்டு வருவதில்லை. வாங்கி, கழுவி, வெள்ளைத் துணி சுற்றி, மையவாடியில் ஒரு ஓரமாக அடக்குவார்கள். அதற்குத் தொழுகை கிடையாது. ஆள் உயிரோடு இருக்கிறாரே. றஸாக் மௌலவி இதை அன்று மூன்று தடவை சொன்னார். ஆனால் ஊரின் முதலாவது சத்திர சிகிச்சை ஒரு ஓரமாக நாலு பேரோடு முடிந்துபோவதை அபுல் ஹஸன் ஹாஜியாரால் தாங்க முடியவில்லை. அவரே ஒலிபெருக்கியை வாங்கி, அலியார்முனை ஆதார வைத்தியசாலையின் முதலாவது வெற்றிகரமான சத்திர சிகிச்சையில் வேறாக்கப்பட்ட, மீராசா வட்டவிதானை அவர்களின் வலது காலின் ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகையின் பின் நடைபெறும் என்று அறிவித்தார். அறிவித்தால் சனம் வரும். நானூறு பேர் வந்தார்கள். வந்த சனம் சும்மா நிற்காது, வரிசையாகத்தான் நிற்கும். நின்ற வரிசையை வெறுங்கையோடு திருப்பி அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு, மௌலவி ஒதுங்கி நிற்க, ஹாஜியாரே முன்னால் போய்த் தொழுவிக்கக் கையைக் கட்டினார். நாலாம் வார்ட்டில் இருந்த மீராசா அறிவித்தலைக் கேட்டுவிட்டு, “மிஸ், நான் போக வேணாமா?” என்று தாதி ஆதிலாவிடம் கேட்டார். “நீங்க படுங்க வாப்பா. அது போகும்,” என்றாள் ஆதிலா மிஸ்.

திரும்பி வந்த காலை அன்று பின்னேரமே கொண்டுபோய் மறுபடி அடக்கினார்கள். பழைய கபுறு கலையாமல் இருந்தது. அடையாளத்துக்கு நட்ட மீஸான் கட்டைகூடச் சாயவில்லை. தோண்டினால் உள்ளே வெறும் மணல். மூன்றாம் நாள் கால் வந்துவிட்டது. இன்னொரு தடவை ஆழமாகத் தோண்டி, மேலே சிமெந்துப் பலகை வைத்தார்கள். அதற்கும் வந்தது, கொஞ்சம் பிந்தி. றஸாக் மௌலவியிடம் கேட்டபோது அவர் சொன்னார்: “அது முழு மனிசனுக்குக் கேட்கிற துஆ. நீங்க அதை ஒரு துண்டுக்குக் கேட்டுப்போட்டீங்க. இப்ப அது தன்னை முழு ஆள் எண்டு நினைச்சிக்கிட்டிரிக்கி. இனி அதோட கதைச்சு வேலையில்ல.”

அதற்குப் பிறகு கால் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கத் தொடங்கியது. ஒற்றைக் கால் எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. நடக்கும்போது யாரும் பார்க்கவில்லை. நிற்கும்போதுதான் பார்த்தார்கள். விடிந்து கதவைத் திறந்தால், விரல்கள் வாசலைப் பார்த்தபடி கடப்படியில் நிற்கும்; பின்னால் ஒழுங்கை மணலில் ஒரே பக்கத்துத் தடம், வாய்க்கால் தண்ணீரில் நனைந்த மாதிரி ஈரமாக இருக்கும். நாய்கள் குலைக்கவில்லை. அதுதான் சனத்துக்குப் பயம். ஐஸ் கடைக்காரர் வீட்டில் மூன்று நாள் நின்றது. அவர்கள் கதவைச் சாத்தி ஆயத்துல் குர்ஸி ஓதி, கடல் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டு மாதத்தில் அவருடைய கால் போயிற்று. பிறகு ஒரு மேசன் வீடு, அதற்குப் பிறகு ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் வீடு, அதிபர் காலுக்கு எதிராகப் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார், அவருக்கும் போயிற்று. மூன்று காலும் அந்தச் சத்திர சிகிச்சைக் கூடத்தில்தான் வெட்டப்பட்டன. அவற்றைத் தொழுவிக்காமல் அடக்கினார்கள். அவை வைத்த இடத்தில் இருந்தன. மீராசாவின் கால் ஆள் பிடிக்கிறது என்று ஊர் கதைத்தது. றுகையா கடைக்குப் போனால் பெண்கள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் பின்னால் ஏதும் வருகிறதா என்று பார்த்தார்கள்.

பிட்டு அவித்து விற்கிற அஸீஸாவின் வாசலில் அது நின்றபோதுதான் விஷயம் மாறியது. அஸீஸா பயப்படுகிற ஆள் இல்லை. அகப்பையை ஓங்கிக்கொண்டு போய், “என்னகா, என்ட வாசல்ல நிண்டு என்னத்தப் பார்க்காய்? இது வரம்பா, ஓட்டை பார்க்க?” என்று ஏசினாள். ஏசி முடிந்த பிறகு, தான் ஏசியது அவளுக்கே கேட்டது. அகப்பையைப் போட்டுவிட்டு, அன்று கிளினிக் நடக்கிற செவ்வாய்க்கிழமையாகவும் இருந்ததால், நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஆதிலா மிஸ் விரலில் குத்திப் பார்த்தாள், குதிக்காலைத் திருப்பிப் பார்த்தாள். வெடிப்புக்குள் ஒரு சின்னப் புண். மருந்து கட்டினார்கள், குளிசை கொடுத்தார்கள். கால் மறுநாள் அஸீஸாவின் வாசலில் இல்லை. அஸீஸாவின் இரண்டு காலும் இன்றுவரை அவளிடமே இருக்கின்றன.

அதற்கு முன்பு செவ்வாய்க்கிழமைகளில் நீரிழிவுக் கிளினிக்குக்குப் பதினொரு பேர்தான் வருவார்கள். அதில் இரண்டு பேர் காற்றாடிக்குக் கீழே இருக்க வந்தவர்கள். சுகாதார அலுவலகம் பதாகை கட்டியது, பாடசாலைப் பிள்ளைகளை பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலம் விட்டது, சீனியின் தீமைகள் பற்றிய கருத்தரங்கில் இனிப்பு வட்டிலப்பம் பரிமாறியது. ஒன்றுக்கும் ஆள் வரவில்லை. இப்போது வாசலில் கால் நின்ற வீட்டார் வந்தார்கள். பக்கத்து வீட்டார், அது தவறி நின்றிருக்குமோ என்று வந்தார்கள். நிற்காத வீட்டார், ஏன் நிற்கவில்லை என்று கேட்க வந்தார்கள். ஒரு வருஷத்தில் கிளினிக்கில் இருநூறு பேர். வைத்திய அத்தியட்சகர் கொழும்புக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் கால் என்ற சொல் எங்கும் வரவில்லை. ‘சமூகம் சார்ந்த நடமாடும் முன்னறிவிப்புத் திட்டம்’ என்று இருந்தது. விருது கிடைத்தது. திட்டத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு வேண்டும் என்று மேலிடம் கேட்டதால் அபுல் ஹஸன் ஹாஜியார் தலைவரானார். கல்வெட்டு நாட்ட இடம் பார்த்தார்கள். கால் எங்கே நிற்கும் என்று நிச்சயமில்லாததால் அது மட்டும் நடக்கவில்லை.

இவ்வளவு நல்லது நடந்த ஊரில் மீராசா ஒருவருக்குத்தான் நித்திரை இல்லை. மறுமையில் மஹ்ஷர் மைதானத்தில் எல்லாரும் எழும்புகிற நாளில் தான் மட்டும் ஒற்றைக் காலில் நிற்பதா என்பது அவருடைய கவலை. மௌலவி வீட்டுக்கு வந்து, சிதறினதெல்லாம் சேர்க்கிறவன் அல்லாஹ், பயப்படாதீங்க என்றார். “அல்லாஹ் சேர்ப்பான், மவுலவி. அதில எனக்குச் சந்தேகமில்ல. அது வருமா எண்டுதான் கேட்கிறன். என்ட காலை எனக்குத் தெரியும். வேலை முடியாம அது ஒரு இடத்தையும் விட்டு அசையாது.” மையவாடியில் காலை அடக்கிய இடத்துக்குப் பக்கத்தில் தனக்கு ஆறடி விட்டு வைக்கும்படி மட்டும் மீராசா கேட்டுக்கொண்டார். விட்டு வைத்தார்கள்.

ஒரு நாள் மகன் சப்ரியைக் கொண்டு சக்கரக் கதிரையில் தள்ளுவித்து ஆலோசனைக் குழுவுக்கே போனார். சப்ரி கல்முனை–பொத்துவில் பஸ்ஸில் கொண்டக்டர். வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தான். கால் ஓய்ந்து அடங்குவதற்கு ஊர் கூடி ஒரு துஆ கேட்க வேண்டும், தொழுவித்து எழுப்பியவர்களே கேட்டு அடக்கட்டும் என்பது மீராசாவின் கோரிக்கை. குழு அதை ஒரு மணி நேரம் ஆராய்ந்தது. இடையில் தொதல், மஸ்கட் என்று இரண்டு இனிப்புகள் வந்தன. ஹாஜியார் இரண்டையும் மற்றவர்களின் பங்கோடு சேர்த்து ஆராய்ந்தார். கடைசியில், “மீராசாக் காக்கா, அது ஊருக்கு உழைக்கிற கால். இந்த வயசில சுயநலம் கூடாது,” என்றார்.

“ஹாஜியார், அது என்ட கால்.”

“இருந்தது,” என்றார் ஹாஜியார்.

வாப்பாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த சப்ரி, கதிரையைப் படியால் இறக்கினான். படியடியில் நின்று, “வாப்பா, அவர் காலைத் தூக்கி மேசைக்குக் கீழ வெச்சிரிக்கிறதப் பார்த்தீங்களா? இந்த வெக்கையில காலை மூடி மேஸ் போட்டிரிக்கார்,” என்றான். மீராசா பார்த்திருந்தார். இருபத்தாறு வருஷம் ஓட்டை பார்த்த கண்.

2023ஆம் ஆண்டு மீராசாவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோனார்கள். அதே மாதம் கால் அபுல் ஹஸன் ஹாஜியாரின் கேற்றடியில் போய் நின்றது. ஹாஜியார் அதைப் பார்த்துக் கலங்கவில்லை. திட்டத்தின் தலைவரைச் சந்திக்க அது வந்திருப்பதாக எல்லாருக்கும் சொன்னார். வரவேற்பு வளைவு ஒன்று கட்டினார். பக்கத்தில் ஒரு கதிரையும் போட்டார். இருக்க இடுப்பில்லாத ஒன்றுக்குக் கதிரை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாளுக்கு மேல் எங்கும் நிற்காத கால் அங்கே ஒரு கிழமை நின்றது, மூன்று கிழமை நின்றது. ஆதிலா மிஸ் இரண்டு தடவை வீடு தேடிப் போய், ஒருக்கா விரலைத் தாங்க ஹாஜியார் என்று கேட்டாள். “எனக்குச் சீனியா? புள்ள, எங்கட பரம்பரையிலேயே அது இல்ல. அது என்னோட ஒரு முக்கியமான விஷயம் கதைக்க வந்திரிக்கி,” என்று தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். நாலு கரண்டிச் சீனி.

கால் அங்கே நின்ற நாற்பதாவது நாள் விடியலில் மீராசா, “அது வராட்டி கபுற மூடவிடாத,” என்று றுகையாவிடம் சொல்லிவிட்டுக் கலிமாச் சொன்னார். ளுஹர் தொழுகைக்கு முதல் மவுத்தானார்.

குளிப்பாட்டிக் கபன் செய்யும்போது வலது பக்கத்தில் துணி தட்டையாகக் கிடந்தது. விதவைக்குரிய இத்தாவில் உட்கார்ந்த றுகையா மறைப்புக்கு அப்பாலிருந்து மௌலவிக்குச் சொல்லியனுப்பியது ஒரு வசனம்தான்: அவர் காலோடதான் போவார். அஸருக்குப் பின் தொழுதார்கள். இந்தத் தடவை மௌலவிதான் முன்னால் நின்றார். ஜனாஸாச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால், மையவாடிக்குப் போகிற வழி ஹாஜியாரின் கேற்றைத் தாண்டித்தான் போகிறது. அங்கே வரவேற்பு வளைவுக்குக் கீழே கால் நின்றது. விரல்கள் உள்ளே பார்த்தபடி இருந்தன. தன்னைத் தாண்டித் தன் ஆளைக் கொண்டுபோவதைக்கூட அது திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் தூக்கியவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். சப்ரி சந்தூக்கை இறக்கச் சொன்னான். இறக்கினார்கள்.

வெள்ளை ஜுப்பாவோடு முன்வரிசையில் வந்த ஹாஜியாருக்குத் தன் கேற்றடியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. “தூக்குங்க, தூக்குங்க. ஜனாஸாவைச் சுணக்கக் கூடாது,” என்றார். யாரும் தூக்கவில்லை. மௌலவி மேற்கே பார்த்தார். தென்னைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மஃரிபுக்கு முதல் அடக்கியாக வேண்டும் என்று அவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், எவரையும் பார்க்காமல். ஒழுங்கை முனையில் ஆதிலா மிஸ் வந்து நின்றாள். அவளை யார் கூப்பிட்டது என்று இன்றுவரை தெரியாது. கையில் சீனி பார்க்கிற சின்ன மெஷின் இருந்தது.

“நாளைக்குக் கிளினிக்குக்கு வாறன், புள்ள.”

“நாளைக்குப் புதன், ஹாஜியார். கிளினிக் இல்ல.”

“இவ்வளவு சனத்துக்கு முன்னால...”

“சனத்துக்கு முன்னால நிண்டுதானே உங்களுக்குப் பழக்கம்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு வரவில்லை. சப்ரி சந்தூக்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சொல்கிற அதே குரலில், “ஹாஜியார், பின்னால ஆக்கள் நிக்கிது. சுணக்காம ஏறுங்க, இல்லாட்டி இறங்குங்க,” என்றான்.

ஹாஜியார் நின்ற சனத்தை ஒரு தடவை பார்த்தார். அடுத்துக் காலைப் பார்த்தார். நாற்பது நாளில் அன்றுதான் அவர் அதைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறார்கள். விரலை நீட்டினார். மெஷின் எண் ஒன்றையும் காட்டவில்லை. இதற்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது என்கிற மாதிரி இரண்டு ஆங்கில எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. ஆதிலா மிஸ் வீதியிலேயே குந்தி அவருடைய இடது மேஸைக் கழற்றினாள். உள்ளங்கால் புண்ணில் ஒரு கருங்கல் துகள் இருந்தது. அது எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியாது. தன்னுடைய கால் வருஷக்கணக்காகத் தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

எல்லாரும் அந்தப் புண்ணைப் பார்த்து நிமிர்ந்தபோது வளைவுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மையவாடிப் பக்கம் ஒழுங்கை மணலில் ஈரத்தடம் போயிருந்தது. சந்தூக்கைத் தூக்கியவர்கள் அதன் மேல் மிதிக்காமல் ஓரமாக நடந்தார்கள். வெட்டி வைத்த கபுறுக்குள் கால் முன்கூட்டியே இறங்கி, கிப்லாவுக்கு நேராக, வலப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தது. மீராசாவை இறக்கி அதோடு சேர்த்து வைத்தார்கள். அளவு சரியாக இருந்தது. பலகை வைத்து, மூன்று பிடி மண் போட்டு, சூரியன் மறைய முதல் மூடினார்கள்.

சப்ரி வீட்டுக்கு வந்து மறைப்புக்குள் போனதும் றுகையா கேட்டாள்.

“சேர்ந்து படுத்ததா, மகன்?”

“ஓம், உம்மா. அதுதான் முதல்ல இறங்கிச்சு.”

“அப்பிடித்தான். அவர் எங்க போனாலும் வலது காலை வெச்சித்தான் போவார்,” என்றாள் றுகையா. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அபுல் ஹஸன் ஹாஜியாருக்கு மூன்று விரல் போனது, பாதம் மிஞ்சியது. விரல்களின் நல்லடக்கம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படவில்லை. வைத்திய அத்தியட்சகரின் அந்த வருஷத்து அறிக்கையில் நடமாடும் திட்டம் வெற்றிகரமாக நிறைவு பெற்றது என்று எழுதப்பட்டு, அடுத்த கட்டத்துக்கு ஆளணி கேட்கப்பட்டிருந்தது. கால் அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் இருநூறு பேர் வருகிறார்கள். உங்களுடைய வாசலில்தான் ஒன்றும் இல்லையே என்று புதிதாக வந்த தாதி ஒருத்தி கேட்டதற்கு, இல்லை என்று எப்படி நம்புவது என்று பதில் கேட்டார்கள். அலியார்முனையில் சுபஹுக்குப் பின் கதவைத் திறக்கிறவர்கள் முதலில் கடப்படியில் கீழே பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மழை வருமா என்று மேலே பார்ப்பது.